நடுவயதில் பல் கிளிப்: முந்திச் செய்வதால் வரும் தவறுகள்

நாற்பத்தைந்து வயதில் பல்லுக்குக் கிளிப் போடலாமா என்று கேட்டால், தாராளமாகப் போடலாம் என்பதுதான் பதில். பல் நகர்வதற்கு வயது வரம்பு கிடையாது. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு ஒன்று இருக்கிறது. கிளிப்பின் கம்பி பல்லைத் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. பதினைந்து வயதில் நடக்கிற இதே வேலை அறுபதிலும் நடக்கும். மாதத்துக்குச் சுமார் 1 மி.மீ. என்பது பொதுவான வேகம். பெரியவர்களுக்குத் தொடக்கத்தில் கொஞ்சம் மெதுவாகப் போகலாம், அவ்வளவுதான்.

ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையின் வாயும் நடுவயதுக்காரரின் வாயும் ஒன்றல்ல. ஈறு இறங்கிய இடங்கள், பழைய அடைப்புகள், ரூட் கேனால் செய்த பல், அதன்மேல் ஒரு கேப், எப்போதோ பிடுங்கிய கடைவாய்ப்பல்லின் வெற்றிடம், அந்த வெற்றிடத்தை நோக்கிச் சாய்ந்துவிட்ட பக்கத்துப் பல் என்று பல வருட வரலாறு அங்கே இருக்கிறது. கூடவே, தினமும் சாப்பிடும் மாத்திரைகளும் உண்டு. தாடையின் வளர்ச்சி நின்றுவிட்டதால், மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்தாத குறையைக் கிளிப்பால் மட்டும் சரிசெய்ய முடியாத நிலையும் சிலருக்கு வரும். இந்த வயதில் சிகிச்சை கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம், பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்துவிடுவதுதான்.

புதிதாக விழுந்த இடைவெளி

சின்ன வயதிலிருந்தே இருக்கும் இடைவெளியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. வருடக்கணக்கில் ஒட்டி நின்ற மேல் முன்பற்கள் நாற்பதைத் தாண்டிய பிறகு மெல்ல முன்னே சாய்ந்து விலகத் தொடங்கினால் அது வேறு விஷயம். அதைப் பார்த்ததும் பலர் நேராகக் கிளிப் போடக் கிளம்பிவிடுகிறார்கள். இந்த வயதில் செய்யக்கூடிய தவறுகளில் மிகப் பெரியது இதுதான் என்பேன். பல்லைத் தாங்கும் எலும்பு குறைந்துவிட்டது என்பதற்கான அறிகுறியாக அந்த இடைவெளி இருக்க வாய்ப்பு அதிகம். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. பல் தேய்க்கும்போது ரத்தம், வாய் நாற்றம், பல் முன்பைவிட நீளமாகத் தெரிவது, லேசான ஆட்டம், இவ்வளவுதான் அது காட்டும். புகைபிடிப்பவர்களுக்கு ரத்தக்கசிவுகூடக் குறைவாகவே இருக்கும் என்பதால் நோய் இன்னும் நன்றாக மறைந்துகொள்ளும்.

ஈறுக்கு அடியில் அழற்சி இருக்கும்போது பல்லை நகர்த்தினால் எலும்பு கரைவது வேகமாகும். பல் வரிசைக்கு வந்துவிடும், ஆனால் ஊன்றி நிற்க எலும்பு இருக்காது. எனவே கிளிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். மி.மீ. கோடு போட்ட மெல்லிய கருவி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக விட்டுப் பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான். 1 முதல் 3 மி.மீ. வரை இருந்து, ரத்தமும் வராவிட்டால் கவலையில்லை. 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழம், தொட்டதும் ரத்தம் என்றால் ஈறு சிகிச்சைதான் முதலில். வேர்ப்பரப்பு வரை ஆழமாகச் சுத்தம் செய்து, இரண்டு மூன்று மாதம் பொறுத்து, மறுபடி அளந்து பார்த்த பிறகே அடுத்த பேச்சு. சர்க்கரை நோய் இருப்பவர்கள் மூன்று மாதச் சராசரி அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு வருவது நல்லது. சர்க்கரை ஏறியிருக்கும்போது ஈறு ஆறுவது கடினம். ஈறை அளக்காமல், எக்ஸ்ரே எடுக்காமல், முதல் நாளே கிளிப் ஒட்டத் தயாராக இருக்கிறார்கள் என்றால் அந்த நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

அதற்காக, ஒருமுறை ஈறு நோய் வந்தவர் கிளிப்பே போடக்கூடாது என்று நினைத்து ஒதுங்க வேண்டியதில்லை. நோய் அடங்கிவிட்டால், எலும்பு குறைந்த பற்களையும் மெல்லிய விசை கொடுத்துப் பாதுகாப்பாக நகர்த்த முடியும். பல் சீரமைப்பு நிபுணரும் ஈறு நிபுணரும் சேர்ந்து கவனிக்க வேண்டும், சிகிச்சை முடியும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சுத்தம் செய்துகொள்ள வேண்டும். சாய்ந்து கிடந்த பல் நிமிர்ந்துவிட்டால் தேய்ப்பதும் சுலபமாகிவிடும்.

முன்பல் இடைவெளியை மூட ரப்பர் பேண்டை மாட்டிக்கொள்ளச் சொல்லும் வீடியோக்கள் இணையத்தில் சுற்றுகின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பல்லின் வேர் நுனியை நோக்கிக் கூம்பிக்கொண்டே போவது. அதனால் ரப்பர் பேண்ட் கண்ணுக்குத் தெரியாமல் ஈறுக்குள் நழுவி, வேரை இறுக்கியபடியே நுனி நோக்கிப் போய், வழியெல்லாம் எலும்பை அழித்துவிடும். நல்ல முன்பற்களையே இப்படிப் பறிகொடுத்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

சொல்லாமல் விட்ட மாத்திரை

பல்லுக்கும் இந்த மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து மருந்துகளைச் சொல்லாமல் விடுபவர்கள் அதிகம். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு அடர்த்திக் குறைவுக்காகக் கொடுக்கப்படும் அலென்ட்ரோனேட், ஸோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் போன்றவை எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்துகள். எலும்பு கரைந்தால்தான் பல் நகரும். ஆகவே இந்த மருந்து எடுப்பவருக்குப் பல் மிக மெதுவாக நகரலாம், இடைவெளி சரியாக மூடாமலும் போகலாம். அதைவிட முக்கியமாக, பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு செத்துப்போகும் அரிய சிக்கல் ஒன்று இந்த மருந்துகளால் வருவது 2003 முதல் மருத்துவ உலகில் பேசப்படுகிறது. இடத்துக்காக நல்ல பற்களைப் பிடுங்கும் திட்டம் இருந்தால் இதைப் பேசாமல் நகரவே கூடாது.

இதைப் படித்துவிட்டு மருந்தைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். டெனோசுமாப் ஊசியைத் திடீரென நிறுத்தினால் முதுகெலும்பு முறிவு வரும் அபாயம் உண்டு. எலும்புக்கு மருந்து எழுதிய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். கம்பி இறுக்கிய பிறகு வரும் வலிக்கு பாராசிட்டமால் போதும். ஐபுபுரோஃபன் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டால், பல் நகரத் தேவையான ரசாயனங்களின் உற்பத்தியே குறையக்கூடும்.

எது முதலில், எது கடைசியில்

வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டுச் சுவரை இடிக்க மாட்டோம். வாய்க்குள் அதைத்தான் பலரும் செய்கிறார்கள்.

இல்லாத பல்லுக்கு இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கிளிப் பற்றி யோசிப்பது அதில் ஒன்று. இம்பிளான்ட் எலும்போடு நேரடியாகப் பிணைந்துபோவது. நடுவே நார்த்திசு கிடையாது, எனவே எவ்வளவு தள்ளினாலும் நகராது. மற்றப் பற்கள் இடம் மாறி, அது மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிடும். பல் போன இடத்துக்குப் பக்கத்துப் பல் சாய்ந்திருந்தால் அதை முதலில் கிளிப்பால் நிமிர்த்தி, தேவையான இடத்தைச் சரியாகத் திறந்த பிறகு இம்பிளான்ட் வைப்பதே முறை. கேப்புக்கும் இதே வரிசைதான். கிளிப்புக்கு முன்னால் போட்ட கேப், பல் நகர்ந்த பிறகு பக்கத்துப் பல்லோடும் எதிர்ப்பல்லோடும் பொருந்தாமல் போய், மறுபடி செய்ய வேண்டியதாகிவிடும். ரூட் கேனால் செய்த பல்லில் சிகிச்சை நடக்கும் காலத்துக்குத் தற்காலிகக் கேப் போதும்.

வெண்மையாக்கும் மருந்து இயற்கைப் பல்லை மட்டுமே வெளுக்கும். கேப், வெனீர் (பல்லின் முன்பரப்பில் ஒட்டும் மெல்லிய ஓடு), பல்நிற அடைப்பு எதுவும் நிறம் மாறாது. அதனால் கிளிப் கழற்றி, ஈறு தெளிந்த பிறகு வெண்மையாக்கி, இரண்டு வாரமாவது காத்திருந்து, அந்தப் புது நிறத்துக்கு ஏற்ப அடைப்பையோ கேப்பையோ செய்ய வேண்டும். அந்த இரண்டு வாரத்துக்குக் காரணம் உண்டு. வெளுக்கும் மருந்திலிருந்து வரும் ஆக்சிஜன் எனாமலில் தங்கியிருக்கும்வரை பசை சரியாகப் பிடிக்காது; நிறமும் அதற்குள் கொஞ்சம் தணிந்து நிலைக்கு வரும். கரித்தூள் பற்பசை, எலுமிச்சைச் சாறு போன்றவற்றால் எனாமல் தேய்வதுதான் மிச்சம். எனாமல் மெலிந்தால் உள்ளிருக்கும் மஞ்சள் அடுக்கு இன்னும் பளிச்சென்று தெரியும்.

கோணல் பல்லை வெனீரால் மறைப்பது

ஒன்றரை இரண்டு வருடம் கிளிப் போட்டுக்கொண்டு அலுவலகம் போகத் தயங்குபவர்களுக்கு, இரண்டே வாரத்தில் வரிசையான பல் என்று சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது? அந்தத் தயக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை தெரிய வேண்டும். வெனீருக்குப் பல்லின் முன்பரப்பில் சாதாரணமாக 0.3 முதல் 0.7 மி.மீ. வரை சீவுவார்கள். பல் வெளியே துருத்தியிருந்தாலோ திரும்பியிருந்தாலோ இன்னும் அதிகம் சீவ வேண்டும். கேப் என்றால் பல்லைச் சுற்றிலும் சீவியாக வேண்டும். சீவிய எனாமல் ஒருநாளும் திரும்ப வளராது, அதிகம் சீவினால் பல்லின் நரம்பு பாதிக்கப்பட்டு ரூட் கேனால் வரை போகலாம். நல்ல வெனீர் பத்துப் பதினைந்து வருடம் நிற்கும். நாற்பத்தைந்தில் போடுபவர் எழுபதைத் தொடுவதற்குள் குறைந்தது ஒருமுறையாவது மாற்ற வேண்டிவரும். தூக்கத்தில் பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் அதற்கு முன்பே உடையலாம்.

நிறமோ வடிவமோ குறையாக இருக்கும் பல்லுக்கு வெனீர் அருமையான சிகிச்சை. கோணலை மறைப்பதற்காக ஆரோக்கியமான எட்டுப் பத்துப் பற்களைச் சீவுவதுதான் எனக்கு உடன்பாடில்லாதது. முதலில் கிளிப்பால் வரிசைப்படுத்திவிட்டால், பலருக்கு ஓரிரு பல்லில் மட்டும் சீவாமலே ஒட்டும் சிறு பூச்சு போதுமானதாகிவிடும்.

கண்ணாடியில் வரப்போவது

இளமையில் எடுத்த புகைப்படத்தைக் காட்டி அதே சிரிப்பு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, முன்கூட்டியே சொல்லப்பட வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, முன்பற்களுக்கு நடுவே ஈறோரம் தோன்றும் கருப்பு முக்கோணங்கள். நெருக்கியடித்து நின்ற பற்கள் வரிசைக்கு வந்ததும், ஏற்கெனவே இறங்கியிருந்த ஈறு வெளிச்சத்துக்கு வரும். இரு பற்கள் தொடும் புள்ளியிலிருந்து எலும்பின் விளிம்புவரை 5 மி.மீ. அல்லது குறைவாக இருந்தால் ஈறு அந்த இடத்தை ஏறக்குறைய எப்போதும் நிரப்பிவிடும். 6 மி.மீ. ஆனால் பாதிக்குச் சற்று மேல்தான் வாய்ப்பு, 7 மி.மீ. என்றால் கால்வாசி. ஈறு நிபுணர் டார்னோவும் அவருடைய குழுவினரும் 1992-இல் வெளியிட்ட இந்த அளவீட்டைத்தான் இன்றும் மருத்துவர்கள் கையாளுகிறார்கள். பற்களின் பக்கவாட்டை மிக மெல்லிதாகச் சீவி நெருக்கினால் முக்கோணம் சிறுக்கும், முற்றிலும் மறையும் என்று உறுதி தர முடியாது.

இன்னொன்று உதடு. வயது ஏற ஏற மேலுதடு தொய்ந்து நீளும். பேசும்போது மேற்பல் குறைவாகவும் கீழ்ப்பல் அதிகமாகவும் தெரியும். பல் துருத்தலைச் சரிசெய்ய நான்கு பற்களைப் பிடுங்கி முன்பற்களை நன்றாக உள்ளே இழுத்தால், பதினெட்டு வயதில் முகம் எடுப்பாகும். ஐம்பதில் உதட்டுக்குத் தாங்கல் குறைந்து முகம் வாடியது போலத் தெரியலாம். எனவே பல் பிடுங்கும் முடிவுக்கு முன், என் உதடு எப்படி இருக்கும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். பல்லின் படத்தை மட்டும் திரையில் காட்டினால், முகத்தையும் பக்கவாட்டில் காட்டச் சொல்லுங்கள்.

அலைனர் என்றால் சுலபம் என்பது

பல்வரிசைமேல் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையான அலைனர் வெளியே தெரியாது, தேய்ப்பதற்கும் வசதி. ஆனால் ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருந்தால்தான் வேலை செய்யும். கூட்டம், விருந்து, பயணம் என்று கழற்றி வைப்பவருக்கு, ஒட்டிய கிளிப்பே நல்லது.

வாயைத் திறந்து பார்க்காமலே, வீட்டில் எடுத்த அச்சை வைத்து அஞ்சலில் அனுப்பும் அலைனர்களை நடுவயதுக்காரர்கள் தவிர்த்துவிட வேண்டும். ஈறின் ஆழம், எலும்பின் மட்டம், வேரின் நீளம் எதுவும் அந்த அச்சில் தெரியாது. இந்தத் தொழிலில் முன்னணியில் இருந்த அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 செப்டம்பரில் திவாலாகி, அதே ஆண்டு டிசம்பரில் கதவை மூடியது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். வாழ்நாள் உத்தரவாதம் என்று சொல்லப்பட்டதும் அத்தோடு போனது. நேரில் பார்க்கும் மருத்துவர் இருந்தால், சில மாதங்களில் ஒரு எக்ஸ்ரே எடுத்து வேர் குட்டையாகிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் வேலையைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைப்பார்.

கிளிப் கழற்றியதும் முடிந்தது என்பது

பல்லைச் சுற்றியுள்ள ஈறு நார்கள் புது இடத்துக்குப் பழக ஏறக்குறைய ஒரு வருடம் எடுக்கும். அதுவரை அவை பல்லைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகும் கீழ் முன்பற்கள் நெருங்கிக்கொண்டே போவது வயதோடு வருவது. கிளிப்பே போடாதவர்களுக்கும் நடக்கிறது. ஞானப்பல்தான் தள்ளுகிறது என்று நம்பி அதைப் பிடுங்கினாலும் இது நிற்காது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் குழுவினர் இளவயதில் சிகிச்சை பெற்றவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். நகர்த்திய பற்களை அதே இடத்தில் பிடித்து வைக்கும் ரீடெய்னரை விட்டு இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, கீழ் முன்பற்கள் ஏற்கத்தக்க வரிசையில் இருந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். எலும்பு குறைந்த வாயில் பற்கள் திரும்பிப் போகும் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

ஆகவே ரீடெய்னர் வாழ்நாள் முழுக்க என்று நினைத்தே சிகிச்சையைத் தொடங்குங்கள், அதன் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள். பல்லின் பின்புறம் ஒட்டும் நிரந்தரக் கம்பியும், இரவில் போடும் பிளாஸ்டிக் ரீடெய்னரும் சேர்ந்திருப்பது நடுவயதுக்குப் பொருத்தம். கம்பிக்கு அடியில் காரை படியாமலிருக்க, பல்லிடுக்கில் நுழையும் சிறு பிரஷ் தினமும் வேண்டும். கம்பி ஒரு பல்லில் மட்டும் விட்டுப்போனால் வலிக்காது, நாக்குக்குக்கூடத் தெரியாமல் இருக்கும். அந்தப் பல் மட்டும் சில வாரங்களில் திரும்பிவிடும். மாதம் ஒருமுறை கண்ணாடியைப் பிடித்து ஒவ்வொரு ஒட்டும் இடத்தையும் பார்த்து, விட்டிருந்தால் அந்த வாரத்திலேயே போய் ஒட்டிக்கொள்ளுங்கள். அதுவரை இரவு ரீடெய்னரைப் பகலிலும் போட்டிருங்கள்.