வாய்க்கு எட்டுகிற பாட்டு: மாணவர் மியூசிக் வீடியோவுக்கு ஹிப் ஹாப் தேர்வு

கேமரா முன்னால் நின்று வாயசைக்கப் போகிறவர் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாட்டை அதற்கப்புறம் தேடலாம். மெலடியில் ஒரு சொல் பிசகினால் தலையைத் திருப்பிச் சமாளித்துவிடலாம். ராப்பில் கால் நொடி பிந்தினாலும் பார்க்கிறவர் கண்டுபிடித்துவிடுவார்.

எட்டுமா எட்டாதா என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். பாட்டில் வேகமாக ஓடும் இடத்தில் நான்கு வரியை எழுதுங்கள். புள்ளி வைத்த மெய்யெழுத்தை எல்லாம் விட்டுவிட்டு மற்ற எழுத்துகளை எண்ணி, அந்த வரிகள் ஓடும் நொடிகளால் வகுங்கள். நொடிக்கு 4, 5 என்று வந்தால் ஒரு வாரப் பயிற்சி போதும். 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 தட்டு) பாட்டில் ஒவ்வொரு தட்டுக்கும் நான்கு எழுத்து இடைவிடாமல் விழுந்தால் நொடிக்கு 6. அதற்கு நல்ல நாக்கு வேண்டும். 7-க்கு மேல் போகிற பாட்டை, ஏற்கெனவே ராப் பாடிப் பழகியவர் குழுவில் இருந்தால் ஒழிய, தொடாதீர்கள்.

மூச்சு விடும் இடத்தையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோவில் வரிகளைத் துண்டு துண்டாகப் பாடி ஒட்டுவது சாதாரணம். அதனால் சில பாட்டில் மூச்சுக்கு இடமே இருக்காது. அதை ஒரே டேக்கில் செய்ய முயன்றால் எட்டாவது வரியில் முகம் வெளிறித் தெரியும். இன்னொன்று: ப, ம இரண்டுக்கும் உதடு மூடித் திறக்கும். வாயசைப்புத் தப்பினால் முதலில் காட்டிக்கொடுப்பது இந்த எழுத்துகள்தான். இவை குவிந்து கிடக்கிற வரிக்கு க்ளோஸப் வைக்கலாமா என்று தேர்வின்போதே யோசியுங்கள்.

பேச்சு வழக்கும் பார்க்க வேண்டியது. ‘இன்னா மச்சி’ என்று போகிற சென்னைப் பாட்டுக்கு திருநெல்வேலி வண்ணார்பேட்டைத் தெருவில் நின்று வாயசைத்தால் படமும் பாட்டும் ஒட்டாது. ‘ஏல’, ‘அங்கன’, ‘வந்தாவ’ என்று நம்மூர் வாய்க்கு வருவதை வைத்து 16 பார் (ஒரு பார் என்பது நான்கு தட்டு) எழுதி, உரிமம் பெற்ற பீட்டில், அதாவது குரலில்லாத பின்னணி இசையில், பாடிவிடுவது பல நேரம் நல்ல வழி. எழுதவும் பயிற்சிக்கும் பத்து நாள் ஒதுக்க முடியுமென்றால் அதையே செய்யுங்கள்.

நீளம் 2:30-ஐத் தாண்ட வேண்டாம். முகப்பு 4 பார், வெர்ஸ் (சரணம்) 16, ஹூக் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) 8, மறுபடி வெர்ஸ் 16, ஹூக் 8: ஆக 52 பார். 90 பிபிஎம்மில் ஒரு பார் 2.67 நொடி, மொத்தம் ஏறக்குறைய 2:19. பாருக்கு ஒரு ஷாட் என்று வைத்தாலே 52 ஷாட் தேவை. மூன்றரை நிமிடப் பாட்டுக்கு இது 79 ஆகிவிடும். இரண்டு நாள் படப்பிடிப்பில் அத்தனையும் கிடைக்காது, எடுத்ததையே திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

பிபிஎம் காட்டும் செயலியை அப்படியே நம்பாதீர்கள். டிராப் (ஹிப் ஹாப்பில் ஒரு வகை) பாட்டை 140 என்றும் சொல்லும், 70 என்றும் சொல்லும். ஸ்னேர் (டிரம்ஸில் ‘டப்’ என்று கேட்கும் அடி) விழும் இடத்தைக் கையால் தட்டி நீங்களே பாருங்கள். நொடிக்கு 30 ஃப்ரேமில் எடுக்கிறீர்கள் என்றால் 90 பிபிஎம்முக்குத் தட்டுக்கு 20 ஃப்ரேம், 100-க்கு 18. முழு எண்ணாக வருவதால் வெட்டுவது சுலபம். கட்டாயமில்லை, வசதி அவ்வளவுதான். ஸ்லோ மோஷனில் வாயசைக்கிற ஷாட் வேண்டுமா? பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு 60 ஃப்ரேமில் எடுத்து, 30 ஃப்ரேம் டைம்லைனில் பாதி வேகமாக்க வேண்டும். நொடிக்கு 6 எழுத்து அப்போது 12 ஆகும், எந்த வாயும் தாங்காது. ஆகவே ஹூக் மட்டுமாவது நொடிக்கு 2, 3 எழுத்தில் நிதானமாகப் போகிற பாட்டாக இருக்கட்டும்.

கணியான் கூத்தில் அடிக்கும் மகுடம் என்ற தோல் கருவியையோ வில்லுப்பாட்டுக் குடத்தையோ நடுவில் சேர்க்கும் ஆசை இந்தப் பக்கத்து மாணவர்களுக்கு அடிக்கடி வரும். நல்ல ஆசைதான், ஆனால் தாளம் பார்க்காமல் செய்தால் இரண்டும் சண்டை போடும். ஒவ்வொரு தட்டுக்கும் ‘தகதிமி’ சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் சதுஸ்ரம், ஹிப் ஹாப் பெரும்பாலும் இதுதான். ‘தகிட’ பொருந்தினால் திஸ்ரம். நம் நாட்டுப்புற அடிகளில் திஸ்ரம் நிறைய. எனவே மகுடம் வேண்டுமென்றால், சொற்கள் மும்மூன்றாக விழுகிற பாட்டைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மகுடத்தைப் பாட்டு தொடங்குமுன் தனியாக 10 நொடி அடிக்கவிட்டு நிறுத்திவிடுங்கள்.

உரிமை விஷயத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ஒரு பாட்டில் வரி, இசை, ஒலிப்பதிவு என்று தனித்தனி உரிமைகள் உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டம் கல்வி நிறுவனத்துக்குள் மாணவர், ஆசிரியர், பெற்றோர் முன் நிகழ்த்துவதற்குச் சலுகை தருகிறது. அதை நம்பி யூடியூபில் ஏற்ற முடியாது. ‘30 நொடிக்குள் போட்டால் கேட்க மாட்டார்கள்’ என்பது கட்டுக்கதை. யூடியூபின் தானியங்கிச் சோதனையான கன்டென்ட் ஐடி சில நொடிகளையும் கண்டுபிடிக்கும். விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், வீடியோ முடக்கவும் படலாம்.

கிரியேட்டிவ் காமன்ஸ் (உரிமையாளரே நிபந்தனையோடு பொதுப் பயன்பாட்டுக்கு விடும் உரிமம்) பாட்டிலும் உரிமப் பெயரில் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். ‘என்டி’ (ND, மாற்றம் கூடாது) என்றிருந்தால் தொடாதீர்கள்: இசையைப் படத்தோடு இணைப்பதே அந்த உரிமத்தின்படி மாற்றம் செய்தல். ‘என்சி’ (NC) இருந்தால் வணிகம் கூடாது. ‘ஃப்ரீ பீட்’ என்ற தலைப்பை மட்டும் படித்து எடுத்துவிடாதீர்கள். பலவற்றில் லாபநோக்கற்ற பயன்பாட்டுக்கு மட்டும் என்ற வரி கீழே இருக்கும். உரிமப் பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, புராஜெக்ட் கோப்போடு வையுங்கள்.

இடமும் பாட்டைத் தீர்மானிக்கும். சுலோச்சன முதலியார் பாலத்தில் வண்டி இரைச்சலுக்கு நடுவே சின்ன ஸ்பீக்கரில் மெல்லிய பாட்டு கேட்காது. அங்கே கிக்கும் (டிரம்ஸின் கனத்த ‘டும்’ அடி) ஸ்னேரும் பளிச்சென்று தெரிகிற பாட்டு வேண்டும். பணகுடிப் பக்கம் காற்றாலை முன்னால் ஆனி, ஆடியில் எடுத்தால் ஸ்பீக்கர் ஒலியைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். நடிப்பவர் ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொள்ளட்டும். மற்ற இடங்களில் ஸ்பீக்கரை நடிப்பவர் அருகில் வையுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி வைத்தால் 30 ஃப்ரேமில் மூன்று ஃப்ரேம் பிந்தும்.

கடைசியில் இரண்டு மூன்று பாட்டு மிஞ்சியிருக்கும். ஒவ்வொன்றின் வேகமான 8 பாரையும் வீட்டு மாடியில் ஃபோனில் க்ளோஸப்பாக எடுங்கள். ஒலியை அணைத்துவிட்டு, பாட்டு தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். எந்த வரி ஓடுகிறது என்று உதட்டைப் பார்த்தே அவர் சொல்லிவிட்டால் அந்தப் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். விழித்தால் பட்டியலில் அடுத்ததைப் போடுங்கள்.