பழைய கம்ப்யூட்டர், கேம் கன்சோல்களில் கெபாசிட்டர் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செகா கேம் கியர் என்ற கையடக்க கேம் கன்சோல் ஒன்று கைக்கு வருகிறது. திரை மங்கல், சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. யோசிக்கவே வேண்டாம், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர்தான் கெட்டிருக்கும். ஆனால் இந்த ஒரு கருவியைப் பார்த்துவிட்டு, வயதான எல்லா மிஷினுக்கும் இதே வைத்தியம் என்று கிளம்புவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் போர்டின் மேல்பரப்பிலேயே ஒட்டும் சின்ன அலுமினிய டப்பா கெபாசிட்டர்கள் பரவலாக வந்தன. உள்ளே இருந்த திரவம் அடியிலுள்ள ரப்பர் அடைப்பைக் கெடுத்து வெளியே கசிந்தது. கேம் கியர், 1989இன் மெக்கின்டாஷ் எஸ்ஈ/30, 1992இன் அமிகா 600, 1200 எல்லாம் இந்த வகை. இவற்றில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தாலும் மாற்றிவிடுங்கள். அதற்கு முந்தைய அமிகா 500, கொமடோர் 64 போன்றவற்றில் இருப்பது கால் வைத்த பழைய பாணி கெபாசிட்டர். அவை பெரும்பாலும் இன்றும் நன்றாகவே இருக்கின்றன. நன்றாக இருக்கும் போர்டில் நாற்பது இடத்தில் சால்டரிங் அயர்ன் வைத்தால் நாற்பது இடத்தில் சேதமாக வாய்ப்பு, அவ்வளவுதான்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. மெயின் போர்டில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, பவர் சப்ளையில் இருக்கும் ரீஃபா பிராண்ட் ஃபில்டர் கெபாசிட்டரை விட்டுவிடுவார்கள். பிபிசி மைக்ரோ, ஆப்பிள் 2ஈ போன்றவற்றின் பவர் சப்ளையில் இது இருக்கும். தேன் நிறத்தில் கண்ணாடி போன்ற மேலோடு, அதில் முடி போன்ற விரிசல்கள். விரிசல் வழியே ஈரம் புகுந்துவிடும். பல வருடம் பரணில் கிடந்ததை எடுத்து பிளக்கில் செருகினால், கொஞ்ச நேரத்தில் டப்பென்று வெடித்து வீடு முழுக்கப் புகை. இதற்கு மாற்றாக எக்ஸ்2 என்று குறித்த பாதுகாப்பு ரகம்தான் போட வேண்டும். வோல்ட் அளவு பொருந்துகிறதே என்று சாதாரண ஃபிலிம் கெபாசிட்டரைப் போடாதீர்கள். இது நேரடியாக மெயின் கரண்ட்டில் நிற்கிற இடம்.

போர்டுகள் அதிகம் பாழாவது கழற்றும்போதுதான். கசிந்த திரவம் பட்ட சால்டர் ஈயம் மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும், சீக்கிரத்தில் உருகாது. சூடு வைத்தால் மீன் வாடை வரும். கசிந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. உருகவில்லையே என்று அயர்னின் சூட்டைக் கூட்டி, கெபாசிட்டரைப் பிடித்து இழுத்தால், அதோடு போர்டில் கால் ஒட்டியிருக்கும் செப்பு பேடும் பெயர்ந்து வந்துவிடும். முதலில் அந்த இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, ஈயம் நன்றாக உருகி ஒட்ட உதவும் ஃப்ளக்ஸைத் தாராளமாக வைத்து, புது ஈயத்தைப் பழையதோடு கலக்க விடுங்கள். அப்புறம் இரண்டு அயர்ன்களால் இரு கால்களையும் ஒரே நேரத்தில் சூடாக்கினால் தானாகவே நகர்ந்து வரும். கிரவுண்டுக்கு, அதாவது போர்டின் பொதுவான பூஜ்ஜிய வோல்ட் லைனுக்கு, போகும் பக்கம் அகலமான செப்பு இருப்பதால் சூட்டை இழுத்துக்கொள்ளும். அங்கே பொறுமை வேண்டும், பலம் கூடாது. பிளையரால் திருகி எடுப்பதைச் சிலர் சத்தியம் செய்து சிபாரிசு செய்வார்கள். பேட் ஆரோக்கியமாக இருந்தால் அது பலிக்கும். அரித்த போர்டில் நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கழற்றியதும் நேரே புதியதை வைப்பது அடுத்த தவறு. திரவம் கெபாசிட்டருக்கு அடியில் மட்டும் நிற்பதில்லை. பக்கத்து ஐசி சிப்பின் கால்களுக்குக் கீழும், போர்டின் துளைகளுக்குள்ளும் ஊர்ந்திருக்கும். கழுவாமல் விட்டால் கெபாசிட்டர் புதிதாக இருக்க, போர்டின் செப்பு ட்ராக் மட்டும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். கழுவிய பிறகு நன்றாகக் காயவிடுங்கள். பழைய மெக்கின்டாஷிலும் அமிகா 500 பிளஸ்ஸிலும் போர்டில் இருக்கும் பேட்டரியையும் அதே கையோடு எடுத்துவிடுங்கள். அது கசிந்தால் கெபாசிட்டர் செய்யும் சேதம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

பிளஸ், மைனஸ் விஷயத்தில் அனுபவசாலிகளும் சறுக்குவார்கள். அலுமினிய கெபாசிட்டரில் பட்டை இருக்கும் பக்கம் மைனஸ். மேல்பரப்பில் ஒட்டும் டான்டலம் ரக கெபாசிட்டரில் பட்டை இருக்கும் பக்கம் பிளஸ். கசியாது என்று டான்டலத்துக்கு மாறுகிறவர்கள் பழைய பழக்கத்தில் வைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டதும் அது தீப்பிடிப்பதைப் பார்க்கிறார்கள். டான்டலம் போடுவதாக இருந்தால் வோல்ட் அளவும் ஏறக்குறைய இரட்டிப்பாக இருக்கட்டும்: 12 வோல்ட் லைனில் 16 போதாது, 25 போடுங்கள்.

போர்டில் அச்சிட்ட குறியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அமிகா 4000இன் ஏ3640 பிராசசர் கார்டுகளில் சில கெபாசிட்டர்கள் தொழிற்சாலையிலேயே தலைகீழாகப் பொருத்தப்பட்டு வந்தன. பழையது இருந்தபடியே புதியதை வைத்தால் அந்தத் தப்பையும் சேர்த்துப் புதுப்பித்ததாகிவிடும். எந்தப் பேட் கிரவுண்டுக்குப் போகிறது என்று மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் மைனஸ் பக்கம். மைனஸ் 12 வோல்ட் லைன் என்றால் மட்டும் கணக்கு மாறும். அங்கே கிரவுண்டுதான் பிளஸ் பக்கம்.

வாங்கும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது அதற்கு மேல், 105 டிகிரி சூடு தாங்கும் ரகம். பவர் சப்ளைக்குக் குறைந்த ஈஎஸ்ஆர் (கெபாசிட்டருக்குள் இருக்கும் மின்தடை) உள்ளது வேண்டும். உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள், கேம் கியரில் மூடி சாத்த முடியாமல் போகும். அதே கேம் கியரில் போர்டின் பதிப்புக்கு ஏற்பப் பட்டியலும் மாறும். கழற்றிப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு, பிறகே ஆர்டர் போடுங்கள்.

பவர் சப்ளையைத் திறப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் 230 வோல்ட் உள்ளே டிசியாக மாறும்போது பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் அளவுக்கு ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது இருக்கலாம். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்வது வீரமல்ல. ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். பிக்சர் ட்யூப் உள்ள மெக்கின்டாஷ் என்றால் அது கிலோவோல்ட் கணக்கு. ட்யூபை டிஸ்சார்ஜ் செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் திறக்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் உடனே சுவிட்சைப் போடாதீர்கள். 5 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஷார்ட் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்துவிட்டுப் போடுங்கள்.