நித்திரையில பல்லு நறுமுறது: எங்க தொடங்கி எப்பிடிச் சமாளிக்கிறது

பல்லு நறுமுற ஆளுக்குத் தான் நறுமுறது தெரியாது, பக்கத்தில படுக்கிற ஆளுக்குத்தான் தெரியும், அதாலதான் கனபேர் "நானோ? சும்மா சொல்லாதையுங்கோ" எண்டு முதல்ல சண்டைக்கு வருவினம். இது அந்தச் சண்டை எல்லாம் முடிஞ்சு, சரி இப்ப என்ன செய்யிறது எண்டு யோசிக்கிற ஆக்களுக்கு எழுதுறன். நான் பல்லு டொக்டர் இல்லை, வீட்டில ஒரு நறுமுற ஆளை வச்சுக்கொண்டு கிளினிக் கிளினிக்கா ஏறி இறங்கி, கிடைச்சதெல்லாம் வாசிச்ச ஆள். தொடங்க முதல் ஒண்டு சொல்லிப்போடுறன்: எல்லாரும் நேர நைற் கார்ட் (இரவில படுக்கேக்க பல்லுக்கு மேல மாட்டுற உறை) வாங்கத்தான் ஓடுகினம். நைற் கார்ட் பல்லைக் காப்பாத்தும், ஆனால் நறுமுறதை நிப்பாட்டாது. அதால அதை நாலாவதாத்தான் வச்சிருக்கிறன்.

1. உண்மையா நறுமுறீங்களோ எண்டு பாருங்கோ

சத்தம் எல்லாருக்கும் வராது, சிலர் மூச்சுக் காட்டாமல் இறுக்கிக் கடிச்சபடி கிடப்பினம். அதால காலமை எழும்பின உடன, பல்லு மினுக்க முதல், கண்ணாடிக்கு முன்னால நிண்டு பாருங்கோ. வாயை ஆவெண்டு திறக்கேக்க தாடை விறைச்ச மாதிரி இருக்குதோ, காதுக்கு முன்னால உளையுதோ, ரெண்டு பக்க நெத்திப்பொட்டிலயும் தலையிடி இருந்து பத்து மணி போல தானா விடுகுதோ? நாக்கை நீட்டினால் ஓரத்தில பல்லுப் பதிஞ்ச அடையாளம் தெரியலாம், கன்னத்துக்கு உள்பக்கம் பல்லுகள் சந்திக்கிற இடத்தில வெள்ளைக்கோடு ஒண்டு ஓடலாம். முன்பல்லின்ர நுனி வெட்டினது மாதிரித் தட்டையா வந்திருக்கும், கொடுப்புப் பல்லின்ர மேடு பள்ளம் தேஞ்சிருக்கும், குளிர்தண்ணி குடிச்சாக் கூசும். நிரப்பின பல்லு திரும்பத் திரும்ப உடையுறதும் ஒரு அறிகுறிதான்.

இதில ஒண்டு மட்டும் இருந்தால் அவசரப்படாதையுங்கோ, பல்லுத் தேயுறது புளிப்பாலயும் வரும். சோடா, தேசிக்காய்த் தண்ணி கனக்கக் குடிக்கிற ஆக்களுக்கும், இரவில நெஞ்செரிவு வாற ஆக்களுக்கும் பல்லின்ர மேல்பூச்சு மெலியும், அதுக்கு மேல நறுமினால் கெதியாத் தேஞ்சு போகும். தேஞ்ச மேல்பூச்சு திரும்ப வளராது, அதுதான் இதில இருக்கிற பெரிய கரைச்சல்.

பெரிய ஆக்களில நூறுக்கு எட்டுப்பேர் மட்டில இரவில நறுமுவினம் எண்டு சொல்லுவினம், சின்னப்பிள்ளையளில இன்னும் கூட. பெரும்பாலும் ஆழ்ந்த நித்திரையில இல்லை, மேலோட்டமான நித்திரையிலதான் இது நடக்கிறது: மூளை ஒரு சில செக்கனுக்குச் சாடையா முழிக்கும், இதயம் கொஞ்சம் வேகமா அடிக்கும், பின்னால தாடைத் தசை இழுத்து இழுத்து வேலை செய்யும். முந்தி பல்லு வரிசை பிழையெண்டால்தான் வரும் எண்டு நம்பினவை, இப்ப முக்கியமா மூளைப்பக்க விசயமாத்தான் பாக்கினம். 2018இல இந்தத் துறை ஆக்கள் கூடி, வேற வருத்தம் இல்லாத ஒராளுக்கு இது நோயே இல்லை, ஒரு பழக்கம் மாதிரி எண்டுகூடச் சொல்லியிருக்கினம். அதால உங்களுக்கு நோவோ தேய்வோ இல்லையெண்டால் ஒண்டும் செய்யாமல் விட்டாலும் பரவாயில்லை.

2. பகல்ல வாயைக் கவனியுங்கோ

இதைத்தான் எல்லாரும் விட்டிடுவினம், ஆனால் காசில்லாமல் இண்டைக்கே தொடங்கக்கூடியதும் இதுதான். இப்ப இதை வாசிக்கேக்க உங்கட மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முட்டிக்கொண்டு நிக்குதோ? நிக்கக்கூடாது. சப்பேக்கையும் விழுங்கேக்கையும் தவிர பல்லுகள் முட்டத் தேவையில்லை. உதடு மூடி, பல்லு விலகி, நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னால அண்ணத்தில மெதுவாத் தொட்டபடி, அதுதான் தாடை ஆறுற நிலை.

சொல்ல லேசு, செய்யிறது கஷ்டம், ஏனெண்டால் ஃபோனைப் பாக்கேக்க, கணக்கு எழுதேக்க, மோட்டச்சைக்கிள் ஓடேக்க, ஏ எல் படிக்கிற பிள்ளை பாஸ்ட் பேப்பர் செய்யேக்க, எங்களுக்குத் தெரியாமலே கடிச்சுக்கொண்டு நிப்பம். ஃபோன்ல மணித்தியாலத்துக்கு ஒருக்கா அலார்ம் வையுங்கோ, அல்லது கொம்பியூட்டர் ஓரத்தில, ஃபிரிஜ் கதவில சின்னதா ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கோ, கண்ணில படேக்கையெல்லாம் பல்லை விடுங்கோ, தோளையும் இறக்குங்கோ. பகல்ல குறைஞ்சால் இரவில கட்டாயம் குறையும் எண்டு சத்தியம் பண்ண மாட்டன், ஆனால் தசைக்கு வேலை குறையும், காலமை உளைவு அப்பவே வித்தியாசம் தெரியும்.

உளைவு கூடின கிழமையில புழுக்கொடியல், பருத்தித்துறை வடை, கச்சான், சுயிங்கம் எல்லாத்துக்கும் லீவு குடுங்கோ. புழுக்கொடியலைக் கடிச்சுக்கொண்டு தாடை நோகுது எண்டு அழுதால் நான் பொறுப்பில்லை.

3. பின்னேரத்தையும் படுக்கையையும் மாத்துங்கோ

ரீதான் எங்கட ஆக்களின்ர பலவீனம். கஃபீன் உடம்பில பாதியாக் குறையவே ஏறக்குறைய அஞ்சு மணித்தியாலம் எடுக்கும், எண்டால் பின்னேரம் ஆறு மணிக்குக் குடிச்சதில பாதி இரவு பதினொரு மணிக்கும் உள்ளுக்க நிக்கும். ரீயை விடச்சொல்லேல்ல, கடைசி ரீயை ரெண்டு மூண்டு மணியோட முடியுங்கோ எண்டுதான் சொல்லுறன். சாராயம், கள்ளு, சிகரெட் மூண்டும் நறுமுறதோட சேத்துப் பேசப்படுற சாமான்கள், சாராயம் நித்திரையைத் தரும் எண்டு நினைக்கிறவை பாதி இரவில நித்திரை முறியுறதைக் கணக்கெடுக்கிறேல்ல. பத்து மணிக்குக் கொத்துரொட்டி அடிச்சுப்போட்டுச் சரியுறதும் நல்லதில்லை, புளிப்பு மேல வரும்.

படுக்க முதல் சுடுதண்ணியில துவாய்த்துண்டைப் பிழிஞ்சு ரெண்டு கன்னத்திலயும் ஒரு பத்து நிமிசம் வையுங்கோ. பிறகு பல்லைக் கடிச்சுப் பாத்தால் கன்னத்தில தள்ளுற தசை தெரியும், கடியை விட்டிட்டு அந்த இடத்தை விரலால வட்டமா மெல்லமா உரஞ்சுங்கோ.

இதோட ரெண்டு கேள்வி. ஒண்டு, குறட்டை விடுவீங்களோ, இடையில மூச்சு நிண்டு திடுக்கிட்டு எழும்பிறதை ஆரும் கண்டவையோ, பகல்ல நித்திரை தூங்கி விழுகுதோ? அப்பிடியெண்டால் பல்லுக்கு முதல் அதைத்தான் டொக்டரிட்டக் காட்ட வேணும், மூச்சடைப்பு உள்ள சிலருக்கு மேல்பல்லுக்குப் போடுற கார்ட் அதைக் கூட்டவும் கூடும். மற்றது, மனச்சோர்வுக்குக் குடுக்கிற ஃப்ளுவொக்செற்றீன், சேர்ட்ராலின் மாதிரிக் குளிசை தொடங்கின பிறகுதான் நறுமத் தொடங்கினதோ? அந்தக் குளிசையளுக்கு இப்பிடி ஒரு பக்கவிளைவு உண்டு. தானா நிப்பாட்டாதையுங்கோ, எழுதித்தந்த டொக்டரிட்டச் சொல்லுங்கோ, அளவையோ குளிசையையோ மாத்தித் தருவார்.

4. இப்பத்தான் பல்லு டொக்டரும் நைற் கார்ட்டும்

பாக்கக் காட்டுறதுக்குப் பெரியாஸ்பத்திரிப் பல்லுப் பகுதிக்கோ பக்கத்து ஆதார வைத்தியசாலைக்கோ போனால் காசில்லை. கார்ட் அங்க செய்வினமோ எண்டு கேளுங்கோ, இல்லாட்டித் தனியார் கிளினிக்தான், அங்க போனால் மொத்தச் செலவை முதலே கேட்டுப்போட்டு இருங்கோ.

பசை மாதிரி ஒண்டை வாயில வச்சு அச்செடுப்பினம், கொஞ்சம் ஓங்காளிக்கும், மூக்கால மூச்சு விட்டால் சமாளிக்கலாம். அச்சை வச்சு லாப்பில கெட்டியான அக்ரிலிக்கில செய்து வரும். போட்டுப் பாக்கிற அண்டைக்குக் கலர்ப் பேப்பர் ஒண்டைக் கடிக்கச் சொல்லி, உயரமா முட்டுற இடங்களை உரஞ்சித் தருவினம், இந்த வேலைக்கு அவசரப்படுத்தாதையுங்கோ, ஒரு பக்கம் மட்டும் முட்டுற கார்ட்டால தாடை இன்னும் நோகும். முதல் கொஞ்ச நாள் வாயூறும், காலமை கழட்டின உடன கடி கொஞ்சம் மாறின மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில சரிவரும். நாள் முழுக்க அப்பிடியே இருந்தால் திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கோ.

ஒன்லைன்ல விக்கிற, சுடுதண்ணியில போட்டுக் கடிக்கிற மெதுவான சாமான் அவசரத்துக்குச் சரி, கனகாலத்துக்கு வேண்டாம், சிலர் அதை றப்பர் மாதிரிச் சப்பி முந்தியை விடக் கூட நறுமுவினம்.

கழுவுறதுக்குப் பச்சைத்தண்ணியும் மெதுவான பிரஷும் காணும். சுடுதண்ணியில போட்டால் வளைஞ்சுபோம், பற்பசையால தேச்சாக் கீறல் விழும். பெட்டியில காத்துப் படுற மாதிரி வையுங்கோ, பல்லுக் காட்டப் போகேக்க கையோட கொண்டுபோங்கோ. நாய் வளக்கிற ஆக்கள் மேசையில விட்டிட்டுப் போகாதையுங்கோ, அதுக்கு இது எலும்பு.

கன்னத் தசைக்கு ஊசி போடுறதும் இருக்கு, பொட்டொக்ஸ் எண்டு சொல்லுறது. அது தசையைப் பலவீனமாக்கும், மூண்டு நாலு மாதத்தில விட்டிடும், செலவும் கூட, மற்றதெல்லாம் பாத்த பிறகு யோசியுங்கோ. நறுமுறதை நிப்பாட்ட நல்ல பல்லை அராவி மட்டப்படுத்துவம் எண்டு ஆரும் சொன்னால், இன்னொரு டொக்டரிட்டயும் கேளாமல் வாயைத் திறக்காதையுங்கோ, அராவினதைத் திரும்ப ஒட்டேலாது.

சின்னப்பிள்ளையள் நறுமினால்

அம்மம்மா எண்டால் உடன வயித்தில பூச்சி எண்டு சொல்லுவா. பூச்சிக்குளிசை குடுக்கவேண்டிய நேரம் குடுங்கோ, அது வேற கதை, ஆனால் நறுமுறதுக்குப் பூச்சிதான் காரணம் எண்டு உறுதியா ஒருத்தரும் காட்டேல்ல. பாற்பல்லு வயதில கனபிள்ளையள் நறுமுவினம், வளர வளர பெரும்பாலும் தானா விடும், தாடை வளந்துகொண்டு இருக்கிறதால கார்ட்டும் வழமையாப் போடுறேல்ல. கவனிக்க வேண்டியது வாயால மூச்சு விடுறது, குறட்டை, காலமை தலையிடி. இதுகள் இருந்தால் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ, இல்லாட்டி பள்ளிக்கூடப் பல்லுக் கிளினிக்கில அடுத்தமுறை பாக்கேக்க தேய்வு இருக்கோ எண்டு ஒருக்காக் கேட்டு வச்சால் காணும்.