விருந்தினர் வீட்டுக்குத் துப்புரவுக் கட்டணம் நிர்ணயிப்பது எப்படி?

டர்பன் கடற்கரையை ஒட்டி விருந்தினருக்கு வீடு வாடகைக்கு விடுபவர்கள், துப்புரவுக் கட்டணத்தை உத்தேசமாக வைக்காமல், உண்மையான செலவிலிருந்து கணக்கிட வேண்டும். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, வீட்டுப் பணியாளர் ஒரு மணி நேரமே வேலை செய்தாலும் நான்கு மணி நேரக் கூலி அவருக்கு உரியது என்பதால், முதலில் அத்தொகையை எழுதிக்கொண்டு, அதன்மேல் விரிப்பு, துண்டு ஆகியவற்றின் சலவைச் செலவையும் அவருடைய டாக்ஸிச் செலவையும் சேருங்கள். 2022 மார்ச் முதல் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் வீட்டுப் பணியாளர்களுக்கும் முழுமையாகப் பொருந்துகிறது. அதைக் குறைத்து இலாபம் பார்ப்பது தகாது.

கட்டணம் வாங்கிய பின், விரிப்புகளை உருவிப் போடும்படியும் பாத்திரம் துலக்கும்படியும் விருந்தினரிடம் சொல்லாதீர்கள். குளியலறை வடிதுளையில் தங்கிய கடல்மணல் வரை சுத்தம் செய்வது உங்கள் பொறுப்பு.

ஏர்பிஎன்பி என்னும் விருந்தினர் வீட்டு முன்பதிவுத் தளத்தில் இக்கட்டணம் முன்பதிவுக்கு ஒருமுறையே சேர்வதால், ஓரிரவு தங்குபவருக்கு அது பெருஞ்சுமையாகும். குறுகிய தங்கலுக்கெனத் தனிக்கட்டணம் வைக்கும் வசதியை அங்கே பயன்படுத்துங்கள்.