வீட்டுச் சேதத்துக்கு இழப்பீடு கோருவது எப்படி?

தீயோ புயலோ வீட்டைத் தாக்கிவிட்டால், உடனே சுத்தம் செய்யத்தான் கை போகும். பொறுங்கள். காப்பீட்டு நிறுவனம் பார்க்கப்போவது சேதத்துக்கான சான்றுகளை. அவற்றைத் திரட்டுவது உங்கள் வேலை.

முதல் படி: பதிவு செய்யுங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, உள்ளே போவது பாதுகாப்பானது என்று உறுதியான பிறகு, ஒவ்வோர் அறையையும் வாசலில் நின்று முழுமையாகப் படமெடுங்கள். பிறகு சேதங்களை நெருக்கத்தில் எடுங்கள். சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டுக்குப் பக்கத்தில் அளவுநாடாவைப் பிடித்து ஒரு படம் எடுங்கள். சேதத்தைக் கணக்கிட வரும் மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை கெட்டுப்போன பொருள்களை வீசாதீர்கள். அதே நேரத்தில், சேதம் பெருகாமல் தடுப்பதும் உங்கள் கடமை. கூரை பிய்ந்திருந்தால் தார்ப்பாய் போடுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தரப் பழுதுபார்ப்பு பிறகு.

இரண்டாம் படி: தாமதிக்காமல் நிறுவனத்துக்குத் தெரிவித்துக் கோரிக்கை எண்ணை வாங்குங்கள். தொலைபேசியில் பேசியதை மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

மூன்றாம் படி: பாலிசியில் காப்பீட்டுத் தொகையையும், நீங்களே ஏற்க வேண்டிய தொகையையும் பாருங்கள். தேய்மானம் கழித்துத் தருவார்களா, புதிதாக வாங்கும் விலையைத் தருவார்களா என்பதையும் பாருங்கள். குறைவாகக் காப்பீடு செய்திருந்தால் பல பாலிசிகளில் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும். வீட்டைத் திரும்பக் கட்ட 40 லட்சம் ஆகும், காப்பீடு 20 லட்சத்துக்குத்தான் என்றால், 10 லட்சம் சேதத்துக்கு 5 லட்சம்தான் கிடைக்கும். பலருக்கு இது சேதம் நடந்த பிறகே தெரியவருகிறது என்பது வேதனையானது.

நான்காம் படிதான் மிக முக்கியமானது: சேதத்தின் காரணம். 2005-இல் அமெரிக்காவைக் கத்ரீனா சூறாவளி தாக்கியபோது, பல வீட்டுப் பாலிசிகள் காற்றால் வந்த சேதத்தை ஏற்றன, வெள்ளத்தை விலக்கின. வீட்டைச் சாய்த்தது காற்றா, நீரா என்ற வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. முதல் உலகப் போரில் டார்பிடோவால் தாக்கப்பட்ட ஒரு கப்பல் துறைமுகம்வரை வந்து, புயல் அலைகளில் அடிபட்டு மூழ்கியது. அதன் பாலிசி போர்ச் சேதத்தை விலக்கியிருந்தது. மூழ்கடித்த உண்மையான காரணம் டார்பிடோவே என்று 1918-இல், அப்போது மேல்முறையீடுகளின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. உரிமையாளருக்கு இழப்பீடு இல்லை. ஆகவே படிவத்தில் காரணத்தை ஊகித்து எழுதாதீர்கள். "இரவில் கூரை ஓடுகள் பறந்தன, பிறகு அறைக்குள் மழை இறங்கியது" என்று கண்டதைக் கண்ட வரிசையில் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: மதிப்பீட்டாளர் வரும்போது கட்டாயம் உடனிருங்கள். அவரைப் பெரும்பாலும் நிறுவனமே அமர்த்துகிறது. அதற்காக அவரை எதிரியாக நினைக்க வேண்டியதில்லை; ஆனால் அவர் சொல்லும் தொகை ஒரு கருத்துதான், தீர்ப்பு அல்ல. உங்கள் தரப்பில் ஒரு கட்டட ஒப்பந்ததாரரிடம் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக மதிப்பீடு வாங்கி மதிப்பீட்டாளரிடம் கொடுங்கள். சில நாடுகளில் பாலிசிதாரருக்காகவே வேலை செய்யும் மதிப்பீட்டாளர்களும் உண்டு. இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று பேசிக் கட்டணமாகப் பெறுவது வழக்கம். சிறிய கோரிக்கைக்கு அது கட்டுப்படியாகாது என்பது என் கருத்து.

தொகை குறைவாகத் தோன்றினால், "முழுமையான, இறுதித் தீர்வு" என்று எழுதிய தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். எதை, எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, அடுத்து, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர் இருக்கும் நாடுகளில் அவரிடம் முறையீடு. தொகையில் மட்டும் தகராறு என்றால், இரு தரப்பும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை நியமித்து, அவ்விருவரும் ஒரு நடுவரைத் தேர்ந்தெடுக்கும் முறை சில பாலிசிகளில் உண்டு. பாலிசி வாசகத்தின் அர்த்தமே விவாதத்துக்குரியது என்றால் நீதிமன்றம். இருபொருள்படும் வாசகத்தை, அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவே பொருள்கொள்ளும் வழக்கம் பல நாட்டு நீதிமன்றங்களில் இருக்கிறது. வழக்குத் தொடரக் காலவரம்பு உண்டு. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அது தானாக நிற்கும் என்று நம்பாதீர்கள். வழக்கறிஞரிடம் முதலில் கடைசி நாள் எது என்று கேளுங்கள்.