பருத்திக் குர்த்திக்குள் இருந்த பாலியஸ்டர்

கடந்த ஏப்ரலில், தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் அலுவலகம் போகத் தொடங்கிய முதல் வாரத்திலேயே, என்னுடைய நான்கு பருத்திக் குர்த்திகளும் மாம்பலம் வருவதற்குள் முதுகோடு ஒட்டிக்கொண்டன. ஓர் அளவு பெரிதாக வாங்கிப் பார்த்தேன், பயனில்லை. அடர்நிறங்களை ஒதுக்கி வெள்ளைக்கும் இளநீலத்துக்கும் மாறியதும் வெயிலில் சற்றுத் தேவலையாக இருந்ததே தவிர, பெட்டிக்குள் அதே புழுக்கம்தான்.

பிரிந்துபோன விளிம்புத் தையலைச் சரிசெய்த ஒரு மாலையில்தான் உள்துணியைக் கவனித்தேன். மேல்துணியிலிருந்து உருவிய நூலைக் கொளுத்தியபோது, அது காகிதம் எரியும் மணத்துடன் உதிரும் சாம்பலானது. உள்துணியின் நூலோ உருகிச் சுருண்டு, ஆறியதும் கடுகு போன்ற கெட்டி மணியாக நின்றது; அது பாலியஸ்டர். குர்த்தியின் அடையாளச் சீட்டில் அச்சிட்டிருந்த ‘100% பருத்தி’ மேல்துணிக்கு மட்டுமே பொருந்தியிருக்கிறது!

மல்மல் எனும் மெல்லிய பருத்தித் துணி வாங்கி, தைத்தபின் சுருங்காமலிருக்க ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்திய பிறகு, தையற்காரரிடம் கொடுத்து உள்துணியை மாற்றினேன். கைப்பகுதிக்கு உள்துணியே வேண்டாம் என்றேன். மூன்று குர்த்திகள் அன்றே சரியாயின.

நான்காவது மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தது. அதன்மீது ஒரு சொட்டு நீர் விட்டபோது, துணி அதை உறிஞ்சாமல் தாமரை இலைபோல் நிறுத்திவைத்தது. வாசனைக்காகக் கடைசி அலசலில் நான் தாராளமாக ஊற்றிவந்த துணி மென்மையாக்கியின் படலம்தான் காரணம். அதை நிறுத்தி மூன்று முறை துவைத்தபின், சொட்டு உடனே பரவியது.