மெனு முழுக்க ஜெர்மன்

படங்களைத் திருத்தும் மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள், மெனு முழுக்க ஜெர்மனில் வந்தது. 'ஃபைல்' இருந்த இடத்தில் 'டாட்டை'. மொழி மாற்றும் பகுதியே புதிய பதிப்பில் இல்லை. மூன்று நாள் போனது.

முதலில் விண்டோஸின் காட்சி மொழியைப் பார்த்தேன், ஆங்கிலம்தான். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன், இரண்டு முறை. அதே ஜெர்மன். பழைய பதிப்புக்குத் திரும்பினால் ஆங்கிலம், புதுப்பித்தால் மறுபடி ஜெர்மன்.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. படத்தின் அளவைக் காட்டும் கட்டத்தில் 1.5 என்பது 1,5 என்று இருந்தது. புள்ளிக்குப் பதில் காற்புள்ளி! இரண்டு மாதம் முன்பு, எண்களில் காற்புள்ளி போட்டிருந்த ஒரு சிஎஸ்வி (அட்டவணைத் தரவு) கோப்பைத் திறப்பதற்காக எண், தேதி எழுதப்படும் முறையான வட்டார வடிவத்தை நானே ஜெர்மனாக மாற்றி, திருப்பி வைக்க மறந்திருக்கிறேன். விண்டோஸில் காட்சி மொழி வேறு, வட்டார வடிவம் வேறு. பழைய பதிப்பு முதலாவதைப் பார்த்தது. புதியது இரண்டாவதைப் பார்க்கிறது.

செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' போய் வட்டார வடிவத்தை மாற்றினேன். அப்போதும் ஜெர்மன்தான். சரி என்று, மென்பொருள்கள் தங்கள் அமைப்புகளைச் சேமித்து வைக்கும், மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா' கோப்புறையைத் திறந்தேன். நிறுவல் நீக்கத்திலும் அழியாத அமைப்புக் கோப்பு அங்கே இருந்தது, அதில் மொழிக்கான வரியில் ஜெர்மனைக் குறிக்கும் 'டிஇ'. மென்பொருளை மூடிவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் அழித்தேன். தூரிகை அமைப்புகள் எதுவும் போகவில்லை. திறந்ததும் ஆங்கிலம்.